பெட்டியைச் சுற்றி நின்ற வேல்கள்

சேந்தனேந்தலில் இடி விழுந்து செத்தவர்களை எண்ண ஆரம்பித்தால் இரண்டு கை விரல்கள் போதாது. உப்பூரிலிருந்து மேற்கே திரும்பி உள்ளே போனால் வரும் சின்ன ஊர். மரம் என்று சொல்லிக்கொள்ளச் சீமைக் கருவேலமும் தலை கருகிய நாலைந்து பனைகளும்தான். கிழக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். மத்தியானத்துக்கு மேல் இரண்டு பக்கத்துக் காற்றும் கிளம்பி வந்து ஊர் உச்சியில் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் மேகம் கோபுரமாக எழும். ஐப்பசியில் மூன்று மணிக்கு வெள்ளையாக இருந்த வானம் மூன்றேகாலுக்கு அடுப்புக்கரியாகிவிடும். அந்த நேரத்தில் வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பெண்கள். சாவதும் அவர்கள்தான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி அமுதவள்ளி. பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இருபத்தாறில் புருஷனை மஞ்சள்காமாலைக்குப் பறிகொடுத்தாள். மிச்சம் ஒரே மகள், மாரிச்செல்வி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாய்க்கு மட்டும் படிப்பே தேவைப்படவில்லை. வானம் இடித்தால் மற்றவர்கள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று காதைப் பொத்துவார்கள். அமுதவள்ளி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, "ஏலே, ஒனக்கு வேற ஊரே கெடைக்கலயா?" என்று வானத்தை ஏசுவாள். நாற்பத்தேழு வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அதனால்தான் பெட்டி வந்தபோது சாவி அவள் கைக்கு வந்தது. சென்னையில் இடிமழையை முன்கூட்டிச் சொல்ல ஆராய்ச்சி செய்யும் ஒரு குழு, இந்தக் கரை நெடுக ஏழு ஊர்களில் ஏழு பெட்டிகள் வைத்தது. சேந்தனேந்தலில் கண்மாய்க்கு இந்தப் பக்கத்துப் பொட்டலில் கம்பிவேலி போட்டு, நடுவில் ஆள் உயரக் கம்பம் நட்டு, உச்சியில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். அதற்குள் ஒரு தகடு ஓயாமல் சுற்றும். பக்கத்தில் போனால் "ங்ங்ங்" என்று ஒரு முனகல் கேட்கும். காற்று அசையாத மத்தியானங்களில், காக்கை குருவி எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்ட நேரத்தில், அந்த முனகல் மட்டும் பொட்டலில் நிற்கும். இடியை இழுக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் ஊரில் ஒருவரும் அதன் கிட்டே போகவில்லை.

"ஏன் தாயி, இது சாமியா பூதமா?" என்று அமுதவள்ளிதான் நேராகப் போய்க் கேட்டாள்.

கேட்டது அந்தக் குழுவிலிருந்து வந்த சூஃபியாவிடம். கீழக்கரைப் பெண். அவள் வாப்பா துபாயில் கடை வைத்திருக்க, இவள் சென்னையில் மேகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் இல்லக்கா. மேகத்துல எம்புட்டு மின்சாரம் தேங்கி நிக்குதுன்னு அளக்குற படி. நம்பர் ரெண்டைத் தாண்டுனா அதுவே சங்கு ஊதும். ஊதுன உடனே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிறணும்." பிறகு தன் மடிக்கணினியைக் காட்டினாள். "இதுக்குள்ள நாங்க ஒரு வானம் வச்சிருக்கோம். காத்து, வெக்கை, ஈரம் எல்லாத்தையும் கணக்காப் போட்டு உருவாக்குனது. நாளைக்கு எங்க இடி விழும்னு அது முன்னாடியே இடிச்சுக் காட்டும். அது சொல்றது சரியான்னு உங்க நெஜ வானத்தைப் பாத்து இந்தப் பொட்டி சொல்லணும். தப்பா இருந்தா எங்க வானத்தைத் திருத்துவோம்."

அமுதவள்ளி திரையை எட்டிப் பார்த்தாள். அவள் ஊர் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதன்மேல் சிவப்பாக ஏதோ வீங்கி வெடித்து மறைந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணினிக்குள்ளே தன் வீட்டின்மேல் ஏற்கெனவே இடி விழுந்துவிட்டது என்று நினைத்தபோது, கூரை இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வேலை சின்னதுதான். தகட்டில் ஒட்டும் சிலந்தி வலையைத் துடைக்க வேண்டும். காலை மாலை போனில் நம்பரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். விதி ஒன்றே ஒன்று. பெட்டியைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் முழங்காலுக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது. செடி, துணி காயும் கம்பி, ஏணி, எதுவும் கூடாது. முதலில் சங்கை ஊத வேலிக்கு வெளியே ஒரு பொத்தானும் இருந்தது. களை எடுக்க அலுப்புப்பட்ட ஒரு புண்ணியவதி நல்ல வெயிலில் அதை அமுக்கிவிட்டு, ஊரையே வீட்டுக்கு அனுப்பினாள். மறுவாரம் பொத்தானைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

முதல் வருஷம் ஐப்பசியில் சங்கு ஒருநாள் நிஜமாகவே ஊதியது. ஒற்றைப் பனைக்குக் கீழே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பதினோரு பெண்கள் தூக்குச்சட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பனை உச்சியிலிருந்து அடிவரை பற்றி எரிந்தது. மழைக்குள்ளேயே எரிந்தது. ஓடிய பதினோரு பேரில் மாரிச்செல்வியும் ஒருத்தி.

அன்று அமுதவள்ளி நேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் பிள்ளை பிழைத்தால் கருப்பசாமிக்கு வேல் நடுவது வழக்கம். காப்பாற்றியது கருப்பசாமி என்றால் கோயிலில் நடலாம். காப்பாற்றியது கண்ணுக்கு முன்னால் முனகிக்கொண்டு நிற்கும்போது கோயிலுக்கு எதற்குப் போவது? வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வேலியைத் திறந்து, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பு உயர இரும்பு வேலை நட்டு எலுமிச்சம்பழம் குத்தினாள். பத்து மீட்டர் விதி நினைவுக்கு வந்தது. அது குப்பைக்கும் செடிக்கும் சொன்னது, சாமிக்குச் செய்வது அதில் சேர்த்தியா என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் உயிரோடு வந்து நின்ற தாய்க்கு மீட்டர் கணக்கு ஏறாது.

ஒரு வேல் நின்றால் இரண்டாவது வேலுக்கு யார் தடை சொல்ல முடியும்? "ஓம் மக உசுருதான் உசுரா? கதவைத் தெறடி" என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆவணிக்குள் ஆறு வேல்கள் நின்றன. போட்டோ எடுக்கும்போது அமுதவள்ளி கம்பத்தில் ஒட்டிக்கொண்டு தகட்டை மட்டும் எடுத்து அனுப்பினாள்.

சூஃபியா போன் செய்தாள். "அக்கா, எங்க வானம் நாலு தடவை பெரிய இடின்னு சொல்லுச்சு. உங்க பொட்டி நாலு தடவையும் கம்முன்னு இருந்துச்சு. பக்கத்துல ஏதும் நிக்குதா?"

"ஒண்ணும் இல்ல தாயி. தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

பொய் சொன்னதற்குக் காரணம் கேட்டால், சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் பாதி. மீதி, ஊரில் தனக்கு வந்திருந்த மதிப்பு. இடி அமுதவள்ளியைக் கேட்டுத்தான் விழும் என்று பேச்சாகியிருந்தது. வேல்களைப் பிடுங்கவும் முடியாது. நட்ட வேலைப் பிடுங்கினால் பிடுங்கியவர் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்ப எங்க வானந்தான் தப்புப் போல" என்றாள் சூஃபியா. அதைத் திருத்த ஆரம்பித்தாள்.

புரட்டாசி இருபத்து மூன்றாம் தேதி முத்தழகு செத்தாள். அமுதவள்ளிக்கு அடுத்த வீடு, ஒரே களைக்கூட்டம். இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்தவர்கள். அன்று வரப்பில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லச் சிரித்த முகத்தோடு திரும்பினாள். வெள்ளையாக ஒன்று வந்து போனது. அமுதவள்ளி கண்ணைத் திறந்தபோது முத்தழகு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே இருந்தாள். சிரிப்பும் அப்படியே இருந்தது. மூன்று நிமிஷம் கழித்துப் பொட்டலிலிருந்து சங்கு ஊதியது. செத்த வீட்டில் ஊதுகிற சங்குபோல, சாவகாசமாக, நீளமாக ஊதியது.

பெட்டி ஏன் பிந்தியது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. முத்தழகு வேல் நடவில்லை, அதனால் அது வாயைத் திறக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் அவள் புருஷன் தர்மராஜ் தன் தலைக்கு மேல் நிற்கும் வேல் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். அவன் கருவேல விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவன், பேச்சுக் குறைவு. "நட்டுக்கிறேன் மதினி" என்றான். அமுதவள்ளி கதவைத் திறந்துவிட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் பதினான்கு வேல்கள் ஆயின.

ஐப்பசி பிறந்து பத்தாம் நாள். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து வயலில் பத்தொன்பது பெண்கள் களை எடுக்கப் போயிருந்தார்கள். மாரிச்செல்வியும் போயிருந்தாள். அமுதவள்ளி சிலந்தி வலை துடைக்கப் பொட்டலுக்கு வந்தாள். மேற்கே மேகம் ஏறியிருந்தது. இடி இல்லை. காற்று இல்லை. ஆட்டுக்குட்டிகூடக் கத்தவில்லை. போனில் நம்பர் பார்த்தாள். முக்கால்.

வேலிக்குள் கால் வைத்ததும் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல் கேட்டது. பாம்பு என்று பின்வாங்கினாள். தரையில் ஒன்றும் இல்லை. சீறல் ஒரு பக்கத்திலிருந்து வரவில்லை, சுற்றியும் வந்தது. தலையைத் தூக்கினாள். பதினான்கு வேல்களும் சீறிக்கொண்டிருந்தன. தர்மராஜின் வேல் நுனியில் விரற்கடை உயரத்துக்கு நீலமாக ஏதோ நடுங்கியது. குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தின் காய்ந்த தோல் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் கைமயிர் எல்லாம் எழுந்து நின்றது.

வானத்தை ஏச வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சூஃபியாவைக் கூப்பிட்டாள்.

"தாயி, வேலு சீறுது."

"எந்த வேலு அக்கா?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டாள். பதினான்கு என்றாள்.

சூஃபியா கத்தினாள். "யா அல்லாஹ்! அக்கா, அந்த இரும்பெல்லாம் மேல இருந்து வர்ற மின்சாரத்தைத் தானே குடிச்சிரும். பொட்டிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. நம்பர் முக்கால் இல்லக்கா, அஞ்சாறு இருக்கும். வெளிய ஓடுங்க!"

"சங்கு ஊதலயே. அங்கன பத்தொம்பது பேரு நிக்குறாளுக. நீ அங்கருந்து ஊதிவிடு."

"என்னால முடியாது. பொட்டி அதோட நம்பரை மட்டுந்தான் கேக்கும்."

மகளுக்குப் போன் போட்டாள். மகள் போனை அணைத்து வைத்திருந்தாள். மேகம் ஏறினால் போனை அணைத்துவிடுவது அந்த ஊரில் எல்லாரும் பழகியது, போன் இடியை இழுக்கும் என்று. கண்மாயைச் சுற்றிப் போய்ச் சொல்ல இருபது நிமிஷமாகும். சங்கு ஊதாமல் யார் சொன்னாலும் அந்தப் பெண்கள் கரையேற மாட்டார்கள். சங்கு ஊதினால்தான் அரைநாள் கூலி பிடிக்காமல் விடுவதாக வயல்காரரோடு பேச்சு.

வீட்டில் ஓர் உயிர் போகும். வீட்டில் இருப்பதே இரண்டு உயிர்தான். பயத்தில் அழுதாள் என்றே சொல்ல வேண்டும். அழுதுகொண்டே போனைத் தரையில் வைத்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, முதலில் தன் வேலைப் பிடித்தாள். உள்ளங்கையில் எறும்புக் கூட்டம் கடித்தது. பிடுங்கிக் கீழே எறிந்தாள். பிறகு அடுத்தது. அதற்கு அடுத்தது.

"அக்கா, ஒண்ணு ஆச்சு" என்றது தரையில் கிடந்த போன். "வேணாம்கா, போயிருங்க. ஒண்ணேகால்."

தர்மராஜின் வேல் ஆழமாக இறங்கியிருந்தது. கட்டிப்பிடித்து ஆட்டினாள். நீல நெருப்பு அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று அவளோடு சேர்ந்து ஆடியது. அதற்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலக் கேட்டது. வேல் சாய்ந்தது. நெருப்பு அணைந்தது.

"ஒண்ணே முக்கால்! அக்கா—"

அதற்குமேல் போன் பேசியது கேட்கவில்லை. சங்கு ஊதியது.

பத்தொன்பது பெண்களும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் முதல் இடி விழுந்தது. அவர்கள் நின்ற வரப்பிலிருந்த கருவேல மரம் இரண்டாகப் பிளந்தது. கடைசியாக ஓடி வந்தவள் அமுதவள்ளி. மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாரிச்செல்வி அவள் கையைப் பார்த்தாள். துருவும் குங்குமமும் அப்பியிருந்தன. "என்னம்மா பண்ணுன?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் புரிந்துகொண்டு ஒவ்வொருத்தியாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஊர் ஏசியதை எழுத இந்தத் தாள் போதாது. வேல்களைக் கருப்பசாமி கோயிலில் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். பதினைந்து நாள் அமுதவள்ளி வீட்டுக்கு யாரும் தீப்பெட்டி கேட்டுக்கூட வரவில்லை. அவளோ மகளை வெளியே அனுப்பாமல் காவல் காத்தாள். மகள் இருமினால் நடுங்கினாள், தடுக்கினால் நடுங்கினாள். போக வேண்டிய உயிர் எது என்று வீட்டுக்குள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் சூஃபியா நேரிலேயே வந்தாள். கோபப்படுவாள் என்று அமுதவள்ளி எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. இரும்புக் கம்பிகளைக் கொண்டுவந்து, வேல் நின்ற பழைய குழிகளில் ஒவ்வொன்றாக நட்டு, எத்தனை கம்பிக்கு நம்பர் எவ்வளவு குறைகிறது என்று மூன்று நாள் அளந்தாள்.

"எந்த வேலு எந்தத் தேதில நட்டதுன்னு ஞாபகம் இருக்காக்கா? தெரிஞ்சா, குறைஞ்ச நம்பரை எல்லாம் கணக்குப் போட்டு நிமித்திருவேன். கெட்டுப்போன ஒரு வருசத்தை மீட்டுறலாம்."

இருக்காதா பின்னே? ஒவ்வொரு வேலுக்கும் ஒரு காய்ச்சல், ஒரு பிரசவம், ஒரு கண்ணீர் உண்டு. அமுதவள்ளி விரல் மடக்கித் தேதி சொன்னாள். சூஃபியா எழுதிக்கொண்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, திருத்திய நம்பர்களைக் கொடுத்து, உள்ளே இருந்த வானத்தை முதலிலிருந்து ஓட விட்டாள். கடந்த ஒரு வருஷத்து மேகங்கள் திரையில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நாலு தடவை சொன்னது தப்பே இல்லை. நாலும் பெரிய இடி. கடலில் விழுந்ததால் ஊருக்குத் தெரியவில்லை.

புரட்டாசி வந்தபோது சூஃபியா சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குத் தாயி திருப்புற?"

"ஒண்ணும் இல்லக்கா."

அந்த "ஒண்ணும் இல்ல"வை அமுதவள்ளிக்கு நன்றாகத் தெரியும். அவளே சொன்னதுதானே. "இருபத்து மூணாந்தேதி என்ன சொல்லுது? சொல்லு."

சூஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆறு வேலு இல்லாம இருந்திருந்தா ரெண்டு அம்பத்தஞ்சுக்குச் சங்கு ஊதிருக்கும். அவுங்க விழுந்தது மூணு ஒம்பது."

பதினாலு நிமிஷம். அமுதவள்ளி திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஊர்ப்புள்ளியின் மேல் சிவப்பு வீங்கியது. அந்தக் கணினி வானத்துக்குக் கீழே அன்றைக்குச் சங்கு நேரத்தில் ஊதியிருந்தது. அங்கே முத்தழகு சேற்றைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அந்த ஊரில் அவள் இப்போதும் இருந்தாள். இந்த ஊரில்தான் இல்லை.

"இதை யாரும் கேக்க மாட்டாங்கக்கா. நீங்களும் சொல்ல வேணாம்" என்றாள் சூஃபியா.

அமுதவள்ளி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். அன்றுவரை பொய் சொல்ல அவள் கூசியதில்லை. உண்மையைச் சொல்லப் போகிற வழியில் கால் கூசியது. மூன்று இடத்தில் நின்றாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை திரும்பியும் விட்டாள்.

தர்மராஜ் கருவேலங்காட்டு ஓரத்தில் மூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டிருந்தான். புகை தரையோடு தரையாகத் தவழ்ந்தது. "தம்பி" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வேல் தான் நட்டது என்றாள். கதவைத் திறந்துவிட்டது தான் என்றாள். சூஃபியா கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சொன்னது தான் என்றாள். பதினாலு நிமிஷம் என்றாள். அரிவாள் அவன் காலடியில் கிடந்தது. அதை எடுத்தாலும் நகரக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. மூட்டத்தில் புகை கசிந்த இடத்தை இன்னொரு கை மண்ணால் அடைத்தான். ரொம்ப நேரம் அதையே தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த வரப்புலருந்து பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிமிஷம், மதினி" என்றான் கடைசியில். "இடி விழுறவரைக்கும் மிச்சம் ஆறு நிமிஷம் அவ ஒங்க பக்கத்துலதான் உக்காந்து பேசிக்கிட்டு இருந்திருப்பா."